கண்மாயைக் காத்த குடிகள்

விழா மலர் என்றால் கோயில் எழுந்த வரலாறு அதில் இடம்பெறுவது மரபு. அடிக்கல் நாட்டிய நாள், கோபுரம் உயர்ந்த ஆண்டு, பணியாற்றிய பங்குத் தந்தையரின் வரிசை ஆகியவற்றை இம்மலரின் பிற பக்கங்களில் காணலாம். நாம் இங்கே சொல்ல முற்படுவது வேறொரு கட்டுமானத்தின் வரலாறு. அறுவடைக் காலத்தில் நாம் பீடத்தருகே காணிக்கையாக வைக்கும் கதிர்கள் விளைந்தது கண்மாய்த் தண்ணீரில். அந்தக் கண்மாயை யார் காத்தார்கள், யார் காக்கத் தவறினார்கள் என்று யூபிலி ஆண்டில் எண்ணிப் பார்ப்பதும் நன்றியறிதலே ஆகும்.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகள் வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு இங்கே இல்லை. வைகையும் ஆண்டில் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களே கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்துவைத்துத் தை மாதம் வரை பயிருக்கு ஊட்டினால்தான் நெல் வீடு வந்து சேரும். ஆகவே நம் முன்னோர் சரிவான நிலத்தின் குறுக்கே வளைந்த மண்கரை எழுப்பினர். கரையில் மடை அமைத்தனர். மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலுங்கு கட்டினர். மேட்டுக் கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் வரத்துக்கால் வழியே அடுத்த ஊர்க் கண்மாயை நிரப்பும். அதன் மிகுதி அதற்கடுத்த ஊருக்குப் போகும். மேலே உள்ளவன் கலுங்கைத் தன் விருப்பம்போல் உயர்த்தினால் கீழே உள்ளவன் வயல் காயும். அண்டை வீட்டானை மறந்து இங்கே எவனும் உழவு செய்ய முடியாது.

"நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயர் பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயை நம் பகுதியினர் அறிவர். தமிழ்நாடு முழுவதும் ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை சிறு ஊர்களின் குடும்ப விவசாயத்தைத் தாங்கி நின்றவை.

கண்மாய் கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. காப்பது எல்லாத் தலைமுறைகளின் வேலை. கோடையில் நீர் வற்றியதும் உள்வாயில் படிந்த கரம்பை மண்ணை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவார்கள். கண்மாய் ஆழமாகும், வயல் வளமாகும். ஒரே வேலையில் இரண்டு பயன்! மழைக்கு முன்பு, அவரவர் நிலத்தின் அளவுக்கு ஏற்ப வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி வரத்துக்காலைத் தூர் வாருவார்கள். வெள்ளம் வந்த இரவுகளில் மண்வெட்டியும் அரிக்கன் விளக்குமாகக் கரையில் காவல் நிற்பார்கள். இதுவே குடிமராமத்து.

இந்த ஒழுங்கின் மையத்தில் நின்றவர் நீர்பாய்ச்சி. மடைக்குடும்பர் என்றும் சில ஊர்களில் அழைப்பர். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்பதை முறை வைத்து நடத்தியவர் அவரே. நிறைந்த கண்மாயில் மூச்சடக்கி மூழ்கி மடையைத் திறந்தவரும் அவரே. இதற்கு ஊதியமாகக் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். ஆனால் அவருள் பலருக்குச் சொந்த நிலம் மிகக் குறைவு. சிலருக்கு இல்லவே இல்லை. ஊர்க் கூட்டத்தில் அவர் நின்றுகொண்டே பேச வேண்டியிருந்தது. பழம்பெருமை பேசும்போது இதை மறைப்பது நேர்மையாகாது.

இக்குறை நேற்று முளைத்ததன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச் சபையில் ஏரிகளைக் கவனிக்கத் தனியே "ஏரி வாரியம்" இருந்ததைக் கூறுகின்றன. அதற்குக் குடவோலை முறையில் ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். எத்துணைச் சிறந்த விதி! ஆயினும் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரே பொதுவாக அதில் இடம்பெற முடிந்தது. உழைத்தவனுக்கு மண் இல்லை. ஆகவே சபையில் இடமும் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1803-இல் இச்சீமைகளில் ஜமீன் முறை நிலைப்படுத்தப்பட்டது. வரி தண்டுவதில் இருந்த அக்கறை கண்மாய் மராமத்தில் பல இடங்களில் இல்லை. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. மனமுவந்து செய்துவந்ததைச் சட்டத்தால் மிரட்டிச் செய்விக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதற்கு அச்சட்டமே சாட்சி. விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. உழவருக்குப் பட்டா கிடைத்தது. அது பெரும் நன்மை. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேற்பட்ட கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உரியவையாயின. "இது சர்க்கார் கண்மாய்" என்ற சொல் ஊரில் பிறந்தது. சர்க்காருடையது என்றால் நம்முடையதன்று என்று பொருள் கொண்டோம்.

பிறகு மின்சார மோட்டார் வந்தது. கிணறு உள்ளவர் கண்மாயைக் கைவிட்டார். கிணறு இல்லாத ஏழைக்கோ கண்மாயை விட்டால் கதி இல்லை. நீர்பாய்ச்சிக்கு நெல் அளப்பது நின்றது. அவர் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றனர். உள்வாயில் சீமைக் கருவேலம் காடாக வளர்ந்தது. வரத்துக்காலோ ஆண்டுக்கு ஒரு சாண் எனச் சுருங்கியது. சுருக்கியவர் யார்? அயலார் அல்லர். வரப்பைச் சற்றே தள்ளிப் போட்டவர்கள் நாமும் நம் உறவினருமே. இதை இம்மலரில் எழுத நாம் வெட்கப்படுகிறோம். எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதி. இயந்திரம் ஒரு வாரத்தில் கண்மாயை ஆழப்படுத்திவிடும். ஆனால் அடுத்த ஆண்டு வரத்துக்காலை யார் பார்ப்பது, மடையை யார் திறப்பது, அவருக்கு என்ன கூலி, கூட்டத்தில் அவருக்கு எந்த நாற்காலி என்பவற்றை இயந்திரம் தீர்க்காது. ஊரே தீர்க்க வேண்டும்.

யூபிலி என்ற சொல்லை நாம் பெற்றுக்கொண்டது லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலிருந்து. அங்கே ஐம்பதாம் ஆண்டு என்பது வாணவேடிக்கையும் விருந்தும் மட்டுமன்று. நிலத்துக்கு ஓய்வு தரும் ஆண்டு அது. நிலம் இழந்தவன் தன் காணியாட்சிக்குத் திரும்பும் ஆண்டு. அடிமைப்பட்டவன் விடுதலை பெறும் ஆண்டு. நிலம் கடவுளுடையது, நாம் அதில் தங்கிச் செல்பவர்களே என்பது அதன் அடிப்படை. மண்ணுக்கு நீதி, மனிதனுக்கு நீதி இரண்டையும் மறைநூல் ஒரே அதிகாரத்தில் வைத்திருக்கிறது. நாம்தான் பிரித்துவிட்டோம்.

ஆகவே பங்கு மக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. விழாக் கொடி இறங்கியபின், வரும் மழைக்கு முன்பு, வீட்டுக்கு ஒருவராக வரத்துக்காலில் இறங்குவோம். தள்ளிப் போட்ட வரப்பை அவரவரே பின்னுக்கு இழுப்போம். கிறிஸ்தவர், இந்துக்கள், இஸ்லாமியர் என்ற வேறுபாடு தண்ணீருக்குக் கிடையாது, எல்லாரையும் அழைப்போம். மடை காக்கும் குடும்பத்தாரை முதல் வரிசையில் அமர்த்தி அவர்கள் சொல்வதைக் கேட்போம்.

அடுத்த யூபிலி மலரை எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகள் நிறைந்த கண்மாயின் கரையில் அமர்ந்து எழுத, இறைவன் அருள்புரிவாராக!