பின் ஆக்சிலுக்குள் ஒளிந்திருக்கும் எண்

1960களின் அமெரிக்கக் கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே என்ஜின். ஆனால் ஒன்று சிக்னலில் சீறிக் கிளம்பும், இன்னொன்று நெடுஞ்சாலையில் அமைதியாக ஓடும். வித்தியாசம் காருக்கு அடியில், பின் ஆக்சிலின் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்!

கணக்கு எளிதுதான். கிரவுன் சக்கரத்தில் 39 பற்கள், அதைச் சுழற்றும் பினியனில் 12 பற்கள் என்றால் ரேஷியோ 3.25. அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.25 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 37க்கு 9 என்றால் 4.11. எண் கூடினால் இழுவை கூடும். கூடவே என்ஜினின் இரைச்சலும் பெட்ரோல் செலவும் கூடும்.

இந்தக் கதையின் நாயகன் 1957 மாடல்களில் அறிமுகமான ஃபோர்டு 9 அங்குல ஆக்சில். 9 அங்குலம் என்பது கிரவுன் சக்கரத்தின் விட்டம். மற்ற பல ஆக்சில்களில் பினியனின் தண்டை மட்டும் இரண்டு பேரிங்குகள் தாங்கும். ஃபோர்டு, பற்களுக்கு அந்தப் பக்கமும் மூன்றாவதாக ஒரு பேரிங் வைத்தது. பாரம் ஏறினாலும் பினியன் வளையாது. பினியனை நன்றாகக் கீழே இறக்கி வைத்ததால் பற்கள் அதிகமாகப் பொருந்தின. ஆனால் பலம் இலவசமாக வரவில்லை. உராய்வும் கூடியதால் கொஞ்சம் சக்தி சூடாக வீணானது.

சரி, ரேஷியோவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபோர்டு ஒரு சிறு தகட்டை போல்ட்டில் மாட்டி அனுப்பியது. '3 எல் 50' என்றிருந்தால் ரேஷியோ 3.50. நடுவில் உள்ள 'எல்' லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கும். தகடு தொலைந்திருந்தால்? சாதாரண டிஃபரன்ஷியல் என்றால், கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் மூன்றரை சுற்று வந்தால் 3.50. சந்தேகமே வேண்டாம் என்றால் பற்களை எண்ணுவதுதான் வழி. தகட்டை யாரும் மாற்றலாம், பற்களை மாற்ற முடியாதே!

பலத்தை அறிய வேறு அடையாளங்கள் உண்டு. ஃபோர்டு கூட்டின் முன்பக்கம் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது எளிதில் உடையாத நோடுலர் இரும்பு. ஆக்சில் தண்டில் 31 பள்ளங்கள் இருந்தால் அது 28 பள்ளத் தண்டைவிடத் தடிமன்.

செவ்ரோலெட்டில் மூடியின் போல்ட்டுகளை எண்ணுவார்கள். 12 போல்ட் பலமானது, 10 போல்ட் அதைவிடச் சிறியது. இங்கேயும் ஏமாறலாம். டிரக்குகளுக்கு வந்த 12 போல்ட்டில் பினியன் தண்டு மெலிந்தது.

இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. செவ்ரோலெட் 12 போல்ட்டில் ஆக்சில் தண்டை உள்முனையில் ஒரு சிறு கிளிப் பிடித்திருக்கும். தண்டு முறிந்தால் சக்கரமே வெளியே கழன்று வரலாம். ஃபோர்டில் தண்டை வெளிமுனைப் பேரிங் பக்கம் பிடித்திருப்பதால், உள்ளே முறிந்தாலும் சக்கரம் பொதுவாக இடத்திலேயே நிற்கும்.

அதனால்தானோ என்னவோ, 2021 வரை நாஸ்கார் கப் பந்தயங்களில் செவ்ரோலெட், டொயோட்டா கார்களின் அடியிலும் ஃபோர்டு 9 அங்குல வடிவமே ஓடியது. போட்டியாளனின் பொருளைத் தன் காரில் மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன இருக்கிறது?