கட்டுமரமும் சங்கடமும்

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு, கிரேக்கத் தீவுகளிலும் கரீபியன் கடலிலும் கரையை ஒட்டியே மாதக்கணக்கில் திரிகிறவர்கள் பலருக்கு இன்று பிடித்தமான கலம் ‘கட்டமரன்’. அது இரண்டு உடல்களும் நடுவே ஒரு தளமும் கொண்டது. காற்றில் அதிகம் சாயாததால் அடுப்பில் வைத்த பாத்திரம் அப்படியே இருக்கும். ஆழமில்லாத துறையிலும் நங்கூரம் போடலாம், பல படகுகள் நீர் வற்றும்போது மணலிலேயே நிமிர்ந்து உட்காரும். இதன் பெயர் நம் ‘கட்டுமரம்’தான், அதில் ஐயமில்லை. பெயர் நமதென்றால் கலமும் நமதே, பசிபிக் தீவினருக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று வாதிடுவோரும் உண்டு. சொல்லின் வரலாறு இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை.

கட்டுமரத்துக்கு உடல் என்ற ஒன்றே கிடையாது. லேசான சில மரங்களைப் பக்கம்பக்கமாகச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினால் கட்டுமரம். சோழமண்டலக் கரையில், கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் தனித்தனியே காயப்போடுவார்கள். நீர் குடித்த மரம் கனத்து, மிதப்பு குறைந்துவிடும். அடுத்த முறை கடலுக்குப் போகையில் மறுபடி கட்டவேண்டும். பெயரிலுள்ள ‘கட்டு’ ஓயாமல் நடந்த ஒரு வேலை. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் இச்சொல் வருகிறது. அதன்பின் ஆங்கிலத்தில் அது எந்த மிதவைக்கும் பொதுப்பெயராகத் தளர்ந்தது. 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஏவிய வெடிமிதவைகளைக்கூட ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியல் ஹெரஷாஃப் 1876இல் நியூயார்க் பந்தயத்தில் ஓட்டிய ‘அமரிலிஸ்’ போன்ற படகுகள் வந்த காலத்தில்தான் அது இரட்டை உடலுக்குரிய பெயராக நிலைத்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பசிபிக் தீவினரான பாலினீசியர் இரட்டைத் தோணிகளில் ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் போய்விட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டிய பெயர் அவர்கள் கலைக்கு எப்படி மூலச்சான்றாகும்?

அப்படியானால் நம் பக்கம் இரட்டைத் தோணியே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதற்கு வேறு பெயர் இருந்தது. இரு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை பரப்பிய ஓடம் தமிழில் ‘சங்கடம்’, மலையாளத்தில் ‘சங்ஙாடம்’. இணைப்பைக் குறிக்கும் ‘சங்காட’ என்ற வடசொல்லின் வழி வந்தது இது. துன்பத்தைக் குறிக்கும் சங்கடம் வேறு. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளூஸ்’ நம் கிழக்குக் கரையில் குறிப்பிடும் ‘சங்கரா’ என்னும் பெருங்கலம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. போர்த்துக்கீசியர் இச்சொல்லை ‘ஜங்காடா’ ஆக்கி பிரேசிலுக்குக் கொண்டுபோய், அங்குள்ள பழங்குடியினர் வைத்திருந்த மரத்தெப்பத்துக்குச் சூட்டினார்கள். ஆக, தெப்பத்தின் பெயர் இரட்டைப் படகுக்கும், இரட்டைப் படகின் பெயர் தெப்பத்துக்கும் போயிருக்கின்றன! உரிமைப் பெருமிதத்தைவிட இந்த இடமாற்றம் எனக்குப் பெரிய செல்வமாகத் தெரிகிறது.

சொல் மட்டும் ஒட்டியது, பொருளோடு அதற்கு உறவே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரம் 1955இல் சுமார் 23 அடி நீளமுள்ள இரட்டைப் படகில் பிரிட்டனிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் சேர்ந்தார். பாலினீசியரிடமிருந்து கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் அவர் வரைந்த பல படகுகளில் குறுக்குவிட்டங்களை உடல்களோடு சேர்ப்பது கயிறுதான். அலையில் இரு உடல்களும் சற்றே அசைய அது இடம் கொடுக்கிறது. தேய்ந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, கரையில் வைத்துத் திரும்பவும் கட்டுகிறார்கள்.