வீட்டை விற்பது எப்போது? செட்டிநாடு சொல்லும் கணக்கு



போன வாரம் ஷார்ஜாவிலிருந்து நம் பழைய மாணவன் ஒருவன் பேசினான். "சார், மீமிசல் வீடு பூட்டியே கிடக்கு. இப்பவே வித்துரலாமா, இல்ல விலை ஏறட்டும்னு பொறுக்கலாமா?" என்று கேட்டான். விலை சொல்ல நான் தரகர் இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறுதான். போனில் பாதி சொன்னேன், மீதி இங்கே. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறந்தாங்கி தாண்டி மேற்கே போனால் செட்டிநாடு. காரைக்குடிப் பக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி எல்லாம் நம் புதுக்கோட்டை மாவட்டம்தான்.

நகரத்தார் வட்டித்தொழில் செய்தவர்கள். சும்மா கிடக்கும் ஒரு ரூபாய்கூட நஷ்டம் என்று கணக்குப் பார்த்தவர்கள். 1852 போருக்குப் பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கே நெல் விளைவித்தவர்களுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று கொண்டுவந்து, ஒரு பைசா வட்டி தராத வீடுகளைக் கட்டினார்கள். கணக்குப்பிள்ளையைக் கேட்டால் அது தப்பான முதலீடு என்றுதான் சொல்லியிருப்பார்.

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை ஏறக்குறைய பாதியானது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1937-இல் 25 பங்கு! 24 லட்சம் ஏக்கருக்கு மேல். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அவர்கள் கொடுத்தது பணம், திரும்பி வந்தது நிலம். வாங்கவும் ஆள் இல்லை. நல்ல விலை வரட்டும் என்று வைத்திருந்தார்கள். என் மாணவன் கேட்ட அதே "பொறுக்கலாமா" தான்.

1942-இல் ஜப்பான் படை வந்தது. பல ஆயிரம் இந்தியர்கள் காட்டு வழியே நடந்து திரும்பினார்கள். 1948-இல் பர்மா விடுதலை பெற்றது, அதே ஆண்டில் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பொறுத்திருந்த நிலம் போயிற்று. பல குடும்பங்களுக்கு மிஞ்சியது, வட்டி தராத அந்த வீடுதான்.

அப்படியானால் வீட்டை விற்கவே கூடாது என்று சொல்லவருகிறேன் என நினைத்துவிடாதீர்கள். மிச்சமிருந்த வீட்டை வைத்துச் சாப்பிட முடியுமா? ஓட்டுக் கூரையை மாற்றவே பெரும் பணம் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் ஓர் ஊரில் வீடு பிரிப்பதைப் பார்த்தேன். தூண்களில் சாக்பீஸால் எண் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிராமத்து மனைக்கு விலையில்லை, மரத்துக்கு விலை இருந்தது. அதனால் வீடு வீடாக விற்காமல் கதவாகவும் தூணாகவும் விற்றது. அப்படி வந்த சாமான்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் பார்க்கலாம். ஒரு முழு வீடே முட்டுக்காடு தட்சிணசித்ராவில் மறுபடி நிற்கிறது. குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

சரி, மற்ற வீடுகள் எப்படித் தப்பின? பாசத்தால் தப்பியவை சில. பங்காளிகள் ஒத்துவராததால் தப்பியவையும் உண்டு. கட்டியவருக்கு மூன்று மகன்கள், ஒவ்வொருவருக்கும் மும்மூன்று என்று வையுங்கள். கொள்ளுப்பேரன் காலத்தில் 27 கையெழுத்து. ஒருவர் மலேசியாவில், ஒருவர் கோபத்தில்! போதாததற்கு, அன்றுவரை மணமாகாத இந்துப் பெண்களுக்கு 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்விகச் சொத்தில் சமபங்கு தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. நியாயம்தான், எனக்கு அதில் மாற்றுக்கருத்தே இல்லை. கையெழுத்து கூடியது என்பதும் உண்மை. சண்டையில் பூட்டிய வீடுகளில் சில மழையில் இடிந்தன. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் நின்றுவிட்ட சில வீடுகள் இன்று வெளிநாட்டார் தங்கும் விடுதிகள்.

ஆக, விற்கும் நாளைச் சந்தை விலை பார்த்துக் குறித்தவர்கள் அதிகம் இல்லை. எல்லோர் கையெழுத்தும் என்று சேர்ந்ததோ, அன்று கிடைத்ததுதான் விலை. அந்த மாணவனிடம் நான் திருப்பிக் கேட்டதும் இதைத்தான்: "தம்பி, பட்டா யார் பேரில் இருக்கு? வில்லங்கம் போட்டுப் பார்த்தியா? உன் தங்கச்சியிடம் கேட்டியா?" கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை.

அவனை மட்டும் சொல்வானேன்? எங்கள் அப்பா கட்டிய வீட்டுக்கும் பட்டா இன்னும் அவர் பெயரில்தான். நாங்கள் நால்வர். ஆளுக்கொரு யோசனை வைத்திருக்கிறோம், பாகப்பிரிவினை மட்டும் இன்னும் எழுதவில்லை. தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறோம். பெரியக்கா, இதைப் படித்தால் தாய்ப்பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கிறதா என்று பார்த்து இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.