கடன் கொப்பியிலிருந்து கடனட்டை வரை: கிராண்ட்பாஸ் கடைவீதியின் கதை

கனடாவில் ஹட்சன்ஸ் பே நிறுவனம் தனது கடைசி விற்பனை நிலையங்களை 2025 ஜூன் முதலாம் திகதி மூடியபோது, ரொறன்ரோவில் வாழும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் தொலைபேசியில் நீண்டநேரம் பேசினார். 1670ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. அப்போது நமது கொழும்பு ஒல்லாந்தர் வசம் இருந்தது. மூன்றரை நூற்றாண்டு கடந்த ஒரு வணிகம் கண்முன்னே கதவடைத்ததைப் பற்றிக் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தவர், இடையில் நிறுத்தி, "எங்கட கிராண்ட்பாஸ் கடைகள் இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் என்னால் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வரலாறு என்றால் மன்னர்களும் மந்திரிகளும் என்றே நாம் பழகிவிட்டோம். ஒரு குடும்பம் அரிசியையும் பருப்பையும் எங்கே, யாரிடம், எப்படி வாங்கியது என்பதிலும் நாட்டின் வரலாறு இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வீதியைப் பார்த்து வந்தவன் என்ற முறையில் நான் கண்டதையும் கற்றதையும் இங்கு பதிவு செய்கிறேன்.

பெரிய துறை

களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரே கிராண்ட்பாஸ் ஆயிற்று என்பர். நாகலகம் வீதி என்ற பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது. கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுமானியும் அந்த வீதியில்தான் உள்ளது. 1822இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த பாலமும், 1895இல் அதற்குப் பதிலாக எழுந்த விக்டோரியா இரும்புப் பாலமும் வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த சரக்குகளைக் கொழும்புக்குள் கொண்டுவந்தன. துறை இருக்கும் இடத்தில் கடை இருக்கும். மாட்டுவண்டிகள் தங்கிய இடத்தில் வைக்கோல் கடையும், வண்டிக்காரர் பசியாறிய இடத்தில் சாப்பாட்டுக் கடையும் முளைத்தன.

1899இல் ஓடத் தொடங்கிய கொழும்பு டிராம் வண்டியின் இரு வழித்தடங்களுள் ஒன்று கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை வந்தது. மற்றையது பொரளைக்குச் சென்றது. 1960இல் டிராம் சேவை நின்றுபோனது. அதற்கு முந்திய தலைமுறையினர், டிராமில் சென்று புறக்கோட்டையில் புடவை வாங்கித் திரும்பிய கதைகளை எங்களுக்குச் சொல்வார்கள்.

அக்காலத்தில் கொழும்பில் கொள்வனவு என்பது மூன்று தட்டுகளாக இருந்தது. மேல்தட்டு கோட்டையில். 1844இல் வில்லியம் மில்ன் கண்டியில் தொடங்கிய பண்டகசாலையே பின்னர் கார்கில்ஸ் ஆனது. யோர்க் வீதியில் இன்றும் நிற்கும் அதன் செங்கற் கட்டடம் 1906இல் நிறைவுற்றது. தோட்டத்துரைமாரும் அவர்தம் துணைவியரும் வாங்கிய இடம் அது. சாதாரண மனிதன் அதன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பான். நடுத்தட்டு புறக்கோட்டை. செட்டியார் தெருவின் நகைக்கடைகள், மெயின் வீதியின் புடவைக்கடைகள், குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபாரக் கிட்டங்கிகள் எல்லாம் அங்கே. மூன்றாவது தட்டு, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற இடங்களின் சில்லறைக் கடை. நமது கதை இந்த மூன்றாவது தட்டைப் பற்றியது.

முதலாளியும் கொப்பியும்

1930இல் தோன்றிய வீரகேசரியின் அலுவலகம் அமைந்த வீதி என்பதால், கிராண்ட்பாஸ் என்றாலே தமிழ் வாசகர்களுக்குப் பத்திரிகை நினைவுக்கு வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் இளம் செய்தியாளனாக நான் அந்த வீதிக்கு வந்தபோது, இரவுப் பணி முடிந்து வெளியே வருபவர்களுக்குப் பிளேன்டீயும் சிகரட்டும் தந்து உயிர்காத்தவை சில்லறைக் கடைகளே.

எனது வாடகை அறைக்கு அருகே காரைநகரைச் சேர்ந்த ஒருவரின் பலசரக்குக் கடை இருந்தது. காரைநகர், புங்குடுதீவு, வேலணை முதலிய தீவகத்து ஊர்களிலிருந்து புறப்பட்டு, தென்னிலங்கையின் சந்திகள் தோறும் கடை வைத்தவர்களின் பரம்பரையில் வந்தவர். எல்லோருக்கும் அவர் 'முதலாளி'. எங்களை அவர் 'தம்பி' என்பார். அடுத்த கடை முஸ்லிம் அன்பர் ஒருவருடையது. எதிரே சிங்களவர் ஒருவரின் பாண் கடை. வாடிக்கையாளரும் மூவினத்தவரே. துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள், அச்சுக்கூடத்துத் தொழிலாளர் என்று நாட்கூலியையும் மாதச் சம்பளத்தையும் நம்பியவர்கள்.

அந்தக் கடையின் இதயம் ஒரு கடன் கொப்பி. வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். கால் இறாத்தல் சீனி, ஒரு அவுன்ஸ் மிளகாய்த்தூள், ஐந்து சதத்துக்கு மாசி என்று அன்றாடம் எழுதப்படும். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும், முழுவதும் தீராது. கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் உறவு. முழுக் கடனையும் அடைத்தவன் வேறு கடைக்குப் போகப்போகிறான் என்று முதலாளி வேடிக்கையாகச் சொல்வார்.

பத்திரிகைக்காரனுக்கு அங்கே ஒரு பாடமும் கிடைத்தது. பொலித்தீன் பை பரவுவதற்கு முந்திய காலம் அது. பழைய பத்திரிகைகளை நிறுத்து வாங்கிச் சுருள் செய்து பொருள் கட்டுவார்கள். இரவெல்லாம் கண்விழித்து நாங்கள் எழுதிய செய்தி அடுத்த வாரம் பருப்புச் சுருளாக எங்களிடமே திரும்பி வரும். எழுத்தின் மீது தலைக்கனம் ஏறாதிருக்க அது நல்ல மருந்து.

கூப்பனும் கியூவும்

சில்லறைக் கடைக்குப் பக்கத்திலேயே அரசும் ஒரு கடை வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அரிசிப் பங்கீடு தொடங்கியது. அதை விநியோகிக்கக் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் பெருகின. மக்கள் வழக்கில் அது 'சங்கக்கடை'. போர் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதால் 1953 ஆகஸ்ட் 12இல் வெடித்த ஹர்த்தாலில் நாடே ஸ்தம்பித்தது. துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியதும், பிரதமர் டட்லி சேனநாயக்க அதே ஆண்டு பதவி துறந்ததும் அரிசி விலையின் வலிமைக்குச் சான்று.

1970இல் சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டு கொத்து அரிசி தருவோம் என்ற வாக்குறுதியோடு ஆட்சி மாறியது. ஆனால் அந்நியச் செலாவணி வற்றியது; உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்கு அது பொற்காலம். கொழும்பின் தொழிலாளிக்கோ அது பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கும் காலம். கிராண்ட்பாஸில் சிறுவர்கள் பாடசாலைக்கு முன்பு கியூவில் நின்று, தாய் வந்ததும் இடத்தை மாற்றிக்கொண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. பங்கீட்டு அரிசி 1978இல் ஏறத்தாழ அரைவாசி மக்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டு, 1979இல் உணவு முத்திரையாக மாறியது. கியூ மறைந்தது. டின் மீனும் ஜப்பானிய வானொலிப் பெட்டியும் எங்கும் குவிந்தன. ஆனால் பொருள் நிறைந்த கடையில் வாங்கும் சக்தி யாருக்கு இருந்தது என்பது வேறு கேள்வி. அந்த வேறுபாட்டைக் கடன் கொப்பியின் பக்கங்கள் காட்டின. வாங்கும் பொருட்களின் பட்டியல் நீண்டது. மிச்சக் கணக்கும் நீண்டது.

ஜூலை

1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய தீ, மறுநாள் நகரெங்கும் பரவியது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் தெருத்தெருவாக எரிந்தன. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு கடைகளையும் வீடுகளையும் அடையாளம் கண்டார்கள் என்பது பலரால் பதிவு செய்யப்பட்ட உண்மை. எங்கள் முதலாளியின் கடையும் எரிந்தது. அவரையும் குடும்பத்தையும் தன் வீட்டின் பின்னறையில் இரண்டு நாள் மறைத்து வைத்தவர் பக்கத்துக் கடை முஸ்லிம் அன்பர்.

ஒரு வாரத்தின் பின் அகதி முகாமில் முதலாளியைக் கண்டேன். சரக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டேன். "சரக்கை விடும் தம்பி, கொப்பி எரிஞ்சு போச்சு" என்றார். இருபது ஆண்டு வியாபாரத்தில் வெளியே நின்ற பணம் எவ்வளவு என்பதற்கு இனி எந்தச் சான்றும் இல்லை. எதிர்க்கடைப் பாண்காரர் முகாமுக்கு வந்து, தான் எழுதிக்கொண்ட கணக்கின்படி கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு சிலரும் வந்தார்கள். பலர் வரவில்லை.

நானும் தரவேண்டியிருந்தது. நாற்பது ரூபாவுக்குச் சற்று மேல். அன்று என் சட்டைப்பையில் பஸ்ஸுக்குப் போகச் சில்லறைதான் இருந்தது. அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொன்னேன். அடுத்த முறை நான் போனபோது அவர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்விட்டிருந்தார்கள். பின்னர் அவர் ஊரிலேயே காலமானார் என்றும், பிள்ளைகள் கனடாவுக்குப் போய்விட்டனர் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அதே 1983ஆம் ஆண்டில்தான் கார்கில்ஸ் நிறுவனம் கொம்பனித்தெருவின் ஸ்டேபிள் வீதியில் தனது முதலாவது ஃபுட் சிட்டியைத் திறந்தது என்பதும் வரலாறு. ஒன்றுக்கும் மற்றதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் ஒரு வகைக் கடை சாம்பலான ஆண்டில் இன்னொரு வகைக் கடை பிறந்ததை மறக்க இயலவில்லை.

நிர்ணய விலை, ரொக்கப் பணம்

சுப்பர் மார்க்கட் நமக்குப் புதிதாயிருக்கலாம்; அதன் அடிப்படைக் கொள்கை பழையது. 1869இல் ரொறன்ரோவில் கடை திறந்த திமோதி ஈட்டன் இரண்டு விதிகளை வைத்தார். பேரம் இல்லை, கடன் இல்லை. பொருள் பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்றார். முகம் தெரியாத வாடிக்கையாளருக்கும் ஒரே விலை என்பது அன்று பெரிய புரட்சி. அதன் நியாயத்தை நாம் மறுக்கக்கூடாது. சில்லறைக் கடையில் முகத்தைப் பார்த்து விலை சொன்னவர்களும், தராசில் கைவைத்தவர்களும், கடன்பட்டவனுக்குப் பழைய சரக்கைத் தள்ளியவர்களும் இருந்தார்கள். அந்த ஈட்டன் நிறுவனமே 1999இல் வீழ்ந்தது. சியர்ஸ் கனடா 2018 ஜனவரியில் மூடப்பட்டது. இப்போது ஹட்சன்ஸ் பே. பெரியது என்பதால் எதுவும் நிலைத்துவிடவில்லை. அதேவேளை, ஸ்காபரோவில் நம்மவர் நடத்தும் கடைகளில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் விற்பனையாகின்றன.

கொழும்பிலும் 1991இல் பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிட்டி, 2019இல் காலிமுகத்திடலில் வன் கோல் ஃபேஸ் என்று கடைத்தொகுதிகள் எழுந்தன. யாழ்ப்பாணத்திலும் 2013இல் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டது. புறக்கோட்டையின் மெனிங் சந்தை களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடைக்குச் சென்றது. புதிய சந்தை 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் ஆற்றைக் கடந்து நகருக்கு வந்த காய்கறியை வாங்க, கிராண்ட்பாஸ் கடைக்காரர் இப்போது ஆற்றைக் கடந்து வெளியே செல்கிறார்.

மீண்டும் கொப்பி

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையிலிருந்து பரவிய கொரோனாவால் கொழும்பு வடக்கு முடக்கப்பட்டபோது, கிராண்ட்பாஸின் ஒழுங்கைகளும் அடைபட்டன. இணையத்தில் பொருள் கேட்டு வரவழைக்கலாம் என்றார்கள். நாட்கூலிக்காரனிடம் கடனட்டை ஏது? 2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்து, எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசைகள் நீண்டபோது, எழுபதுகளில் சிறுவனாகக் கியூவில் நின்றவர் பேரனோடு மீண்டும் நின்றார். அந்த இரண்டு காலத்திலும் இப்பகுதியின் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது ஒழுங்கை முனைச் சில்லறைக் கடை கொடுத்த கடனால்தான். கடனட்டை சம்பளத்தைப் பார்த்துத் தரப்படுவது. கொப்பி ஆளைப் பார்த்துத் திறக்கப்படுவது. முன்னையது கைவிட்டவர்களைப் பின்னையது ஏற்றுக்கொண்டது. அதற்காகப் பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துத் திறந்த அதே வீதியில்தான், ஆளைப் பார்த்துக் கடைகளும் கொளுத்தப்பட்டன.

நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். முதலாளியின் கடை இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசி திருத்தும் கடை உள்ளது. நான்கு கதவு தள்ளி இளைஞர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மேசையில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. அதன் கீழே லாச்சியில் ஒரு கொப்பியும் இருக்கிறது. சென்ற வாரம் சில்லறை இல்லாமல் இருபது ரூபா குறைந்தபோது, "பிறகு தாங்க ஐயா" என்றார். அறைக்குப் போய் எடுத்துவந்து உடனேயே கொடுத்துவிட்டேன். இன்னொரு கணக்கை மிச்சம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நண்பரே, முதலாளியின் பிள்ளைகளை அங்கே எங்காவது சந்தித்தால் எனக்கு அறியத் தாருங்கள்.