நவராத்திரியும் வாத்தியார் வரும்படியும்

தொடக்கப் பள்ளியில் சரசுவதி பூசை வைக்கலாமா என்று யாராவது கேட்டால், காலங்காலமாக இருந்துவருவதுதானே என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இருந்துவந்தது உண்மைதான். ஆனால் அது யார் செலவில், எதன் பொருட்டு, யார் பள்ளிக்கூடத்தில் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1823-இல் பல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்ப்பெல் சென்னை வருவாய் வாரியத்துக்கு எழுதிய அறிக்கை, அன்றைய பள்ளிக்கூடத்தைக் கூர்ந்து கவனித்து எழுதப்பட்டது. ஐந்து வயதுப் பையனைப் படிக்கவைக்கும் நாளில் வாத்தியாரையும் மற்றப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைக்கிறார்கள். பிள்ளையாரைச் சுற்றி எல்லோரும் உட்கார, பையன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறார் வாத்தியார். வெகுமதி வாங்கிக்கொண்டு போகிறார். அன்றாடப் பள்ளியிலும் முதலில் வந்துசேரும் பையன் உள்ளங்கையில் சரசுவதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. பக்தியும் பிரம்பும் ஒரே வரிசையில் நின்றிருக்கின்றன.

வெகுமதி என்று கேம்ப்பெல் போகிறபோக்கில் சொல்வதுதான் விஷயத்தின் மையம். திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குச் சம்பளம் தர அரசோ நிர்வாகக் குழுவோ கிடையாது. மாதாமாதம் பெற்றோர் கொடுத்த சிறு காசு, தானியம், விசேஷ நாட்களில் கிடைத்த அரிசி, துணி ஆகியவற்றைச் சேர்த்தால்தான் அவர் குடும்பம் நடந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வாவு விடுமுறைகூடப் பிள்ளைகளுக்கு ஓய்வு, அவருக்கு வரும்படி. நவராத்திரியோ ஆண்டின் பெரிய அறுவடை. பிள்ளைகள் புதுத் துணி உடுத்திக் கோலாட்டக் கழிகளோடு வீடுவீடாகப் பாடிப் போய், கிடைத்த காசை வாத்தியாரிடம் சேர்த்தார்கள். உ. வே. சாமிநாதையரின் தன்வரலாற்றிலும் இந்த வழக்கத்தின் சித்திரம் இருக்கிறது. பள்ளியின் நிதி ஏற்பாட்டுக்குப் பூசைதான் வடிவம் தந்தது. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வாத்தியாரை வைத்துக்கொண்டவர்கள் அந்தத் தெருக்காரர்கள். அவர்கள் பள்ளியில் அவர்கள் சாமி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. திண்ணைப் பள்ளி ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பார்கள். சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகையோ சுமார் ஒரு கோடியே 28 லட்சம். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பாலோர் சூத்திரர் என்று குறிக்கப்பட்ட சாதியினர் என்பதை ஆய்வாளர் தரம்பால் அந்தக் கணக்கெடுப்பின் அட்டவணைகளைக் கொண்டே எடுத்துக்காட்டினார். முஸ்லிம் பிள்ளைகளுக்கும் தனி வரிசை உண்டு. பிராமணரைத் தவிர வேறு யாரும் படிக்கவில்லை என்ற பழைய கதையை இந்த எண்கள் உடைத்தது நல்லதே. ஆனால் ‘இதர சாதியார்’ என்ற வரிசை யார் யாரைக் குறிக்கிறது என்று அட்டவணை சொல்வதில்லை. சேரிப் பிள்ளை மேல்தெருத் திண்ணையில் ஏறி, அந்தப் பிள்ளையாரைச் சுற்றிய வட்டத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்று நம்புவது கடினம். முடிந்திருந்தால், செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, பஞ்சமர் என்று அன்று குறிக்கப்பட்ட சேரி மக்களின் கல்விக்கென்றே 1893-இல் தனி அரசாணை பிறப்பிக்கும் தேவை வந்திருக்காது. வீடுவீடாகப் போகும் ஊர்வலத்தில் எந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாதோ, அந்த வீட்டுப் பிள்ளை அந்த ஊர்வலத்தில் இருந்திருக்கவும் முடியாது.

பொதுப் பணம் பள்ளிக்குள் வந்ததும் கணக்கு மாறியது. மாறவேண்டும் என்று தொடக்கத்தில் வாதாடியவர்களில் இந்துக்களும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1846-இல் சென்னை ஆளுநர் ட்வீடேல் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக வைக்க முனைந்தபோது, ‘கிரெசென்ட்’ ஏடு நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவரைச் சேர்ந்தவர்களும் சென்னையில் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் அந்த யோசனையை ஏற்கவில்லை. எல்லோரிடமும் வாங்கிய வரியில் நடக்கும் பள்ளி ஒருவர் மதத்தை நடத்தக் கூடாது என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம். கல்வி குறித்த 1854-இன் உட் அறிக்கை, பள்ளிகளுக்கு அரசு தரும் உதவிப் பணத்துக்கும் மதப் போதனைக்கும் முடிச்சுப் போடாமல் விட்டது. 1882-இன் ஹண்டர் கல்விக் குழு, ஊரில் ஒரே பள்ளி இருந்து அதில் மதபோதனையும் நடந்தால், பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து மட்டும் விலக்கிக்கொள்ளலாம் என்றது. 1870-இல் இங்கிலாந்தின் தொடக்கக் கல்விச் சட்டமும் இதே வழியில் போயிருந்தது: மதபோதனை பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நடக்க வேண்டும், விலகும் பிள்ளைக்கு மற்றப் பாடம் கெடக் கூடாது.

அப்படியானால் விருப்பமில்லாதவர் ஒதுங்கிக்கொள்ளட்டுமே, அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்லலாம். நம் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவும் அதை ஒட்டியே பேசுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் வழிபாட்டுக்கு வரும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, சிறுவர் என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும். சட்டத்துக்கு இது போதும். ஆறு வயதுக்குப் போதாது. பைபிள் வகுப்பாவது கால அட்டவணையில் ஒரு மணி நேரம், எழுந்து போய்விடலாம். பூசையில் சுண்டலும் கோலமும் பாட்டும் உண்டு. அவ்வளவையும் விட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் உரிமையை எந்தக் குழந்தையும் உரிமையாக எண்ணாது. அதற்காகப் பண்டிகை என்ற பேச்சே பள்ளியில் எழக் கூடாது என்பது மறுகோடி. பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் ஆகியவற்றை அவரவர் வீட்டில் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்வது பாடம். எல்லோரும் ஒரு படத்தின் முன் கைகூப்புவது வழிபாடு. இரண்டுக்கும் நடுவே மங்கலான இடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. வாசலில் போடும் கோலத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் நியாயமானவர்களே வேறுபடுவார்கள். ஆனால் பழைய வழக்கம் என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அந்த இடத்தைக் கடக்க முடியாது. பழைய வழக்கத்துக்குக் காரணமாக இருந்த வாத்தியார் வரும்படி இன்று அரசுச் சம்பளமாகிவிட்டது. அந்தச் சம்பளத்துக்கு எல்லாத் தெருக்காரர்களும் வரி கட்டுகிறார்கள்.