காரைச் சுவரும் கடல் கல்லும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. தைப் பொங்கலுக்குள் ஊரில் உள்ள காரை வீடுகள் எல்லாம் வெள்ளையாகிவிட வேண்டும். திருச்செந்தூர் வட்டாரத்தில் வெள்ளையடிப்பு வேலை அறிந்தவர்களில் அவர் ஒருவர். அவருக்குப் பின்னால் வாளி தூக்கித்தான் நான் தொழில் கற்றேன். இப்போது என் கையில் இருப்பது ரோலர். ஆனாலும் சுண்ணாம்பை 'வசதி இல்லாதவன் வீட்டுப் பூச்சு' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

சுட்ட கல் மூட்டையாக வரும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். காளவாயில் 900 டிகிரி அளவுக்கு வெந்ததில், கல்லுக்குள் இருந்த கரியமில வாயு வெளியேறியிருக்கும். பாதியாக வெட்டிய தகர டிரம்மில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உறும ஆரம்பிக்கும். கல் பிளந்து, டிரம்மைத் தொட முடியாதபடி கொதிக்கும். "தள்ளி நில்லுல, கண்ணுல பட்டா கண்ணு போயிரும்" என்பார் அப்பா. ராத்திரி முழுக்க நீறவிட்டு, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, கல் உப்பும் கொஞ்சம் நீலமும் கலப்பார். மட்டை கடையில் வாங்கியதில்லை. பனைமட்டையின் அடிப்பக்கத்தை ஊறவைத்து, நசுக்கி, தும்பு பிரித்து அவரே செய்துகொள்வார்.

சுவரை நனைத்துவிட்டு முதல் பூச்சை மேலிருந்து கீழாக அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் அடுத்தது குறுக்கே. அடிக்கும்போது வெறும் தண்ணீரைத் தடவியது போலத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். காளவாயில் விட்ட கரியமில வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப வாங்கி, சுவர்மேல் மெல்லிய கல்லாகவே ஆகிவிடுகிறது. ஈரம் உள்ளே தங்காது, வந்த வழியே போய்விடும். கடைசியில் அடியில் ஒரு காவிப்பட்டை. டிரம்மில் மிஞ்சியதும் வீணாகாது. தோட்டத்து மரங்களின் அடியில் இடுப்பு உயரத்துக்கு அடிப்போம். மயில்துத்தம் கிடைத்தால் அதோடு சுண்ணாம்பைக் கலந்து பூஞ்சை பிடித்த செடிக்குத் தெளிப்பதும் உண்டு. விவசாயத் துறைக்காரர்கள் அதைப் போர்டோ கலவை என்பார்கள்.

இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். சென்னைப் பக்கம் கிளிஞ்சல். பழவேற்காடு ஏரியில் அள்ளியதை, பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியில் படகேற்றி நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்து அரைத்துப் பூசி, பளிங்கு போல இழைத்த மதராஸ் சுண்ணாம்புச் சுவர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்களே வியந்தார்கள். 1904-இல் சென்னையில் இந்தியாவின் முதல் சிமென்ட் முயற்சி நடந்தபோது, அதற்கும் கடல் கிளிஞ்சல்தான் மூலப்பொருள். அந்த ஆலை நிலைக்கவில்லை.

மன்னார் வளைகுடாக் கரையில் கதை வேறு. தூத்துக்குடியில் இருந்து மண்டபம் வரை, காளவாய்களுக்குப் பவளப் பாறையையே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். கடலுக்குள் இறங்கி, கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றி வந்த கல். சுட்டால் நல்ல வெள்ளை கொடுக்கும். அலையைத் தடுத்துத் தீவுகளைக் காத்து நின்றது அந்தப் பாறைதான் என்பதை யாரும் நினைக்கவில்லை. 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளை வெளியில் காணோம், கடல் மூடிவிட்டது. எங்கள் பக்கத்துப் பொங்கல் வெள்ளையில் அந்தத் தீவுகளின் பங்கும் இருக்கும். நான் மதிக்கிற தொழிலைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன், அதனால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு வழக்கொழிந்தது பவளத்தைக் காக்க அல்ல. 1949-இல் தாழையூத்தில் சிமென்ட் ஆலை வந்த பிறகு, எங்கள் பக்கம் புதுச் சுவர்கள் மெல்ல மெல்லச் சிமென்டுக்கு மாறின. அதன்பின் ஸ்னோசெம், டிஸ்டெம்பர், எமல்ஷன். 1942-இல் தொடங்கிய ஆசியன் பெயின்ட்ஸுக்கு 1954-இல் ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்து கொடுத்த 'கட்டு' என்ற சிறுவன், பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக ஊர் ஊராகப் பிரபலமானான். சிமென்ட் சுவருக்கு பெயின்ட் சரிதான். அதையே காரைச் சுவருக்கும் அடித்ததில்தான் கெடுதல் வந்தது.

எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றில் அம்பாசிடரை விற்றுவிட்டுப் புதுக் கார் இறக்கினார்கள். ஷெட்டில் பளபளப்பாகக் கார் நிற்கும்போது சுவர் மட்டும் பழசாக இருக்கலாமா என்று முற்றம் முழுக்க எமல்ஷன் அடிக்கச் சொன்னார்கள். "அண்ணாச்சி, இது காரைச் சுவரு. காரை மாத்துன மாதிரி இதை மாத்த முடியாது. பிளாஸ்டிக்கைப் போட்டு மூடுனா உள்ள ஈரம் எங்க போவும்?" என்று அப்பா எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. வேறு ஆள் வந்து அடித்தார். அடுத்த ஐப்பசி மழையில் பெயின்ட் கொப்புளித்தது. அதற்கடுத்த மழையில் காரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. மூன்று தலைமுறையாக நின்ற பூச்சு அது.

இந்தப் பொங்கலுக்குத் தாத்தா காலத்து வீட்டுக்கு வண்ணம் அடிக்க நினைப்பவர்கள், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மூலையில் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறமாகக் கெட்டியாக இருந்தால் சிமென்ட். விருப்பமான பெயின்டை அடித்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகப் பொடிந்து வந்தால் காரை. மேலே பழைய பெயின்ட் இருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கி நீற்றி அடியுங்கள். கடைக்காரரிடம் அது எந்தக் கல் என்றும் மறக்காமல் கேளுங்கள்.