கடற்கரைக் கள்மனையும் பாலாற்றுக் கள்ளுக்கடையும்

பழந்தமிழ்க் கடற்கரை நகரொன்றில் கள் விற்கும் மனை எவ்வாறு இருந்தது என்பதனைப் பட்டினப்பாலை தெளிவுறக் காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்திற் பறந்த கொடிகளைக் கூறிவரும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தெய்வக் கொடி, வாதம் புரியும் ஆசிரியர் எடுத்த கொடி, துறையில் நின்ற நாவாய்க் கொடி ஆகியவற்றோடு கள் விற்பார் கொடியினையும் ஒருசேர வைத்துரைக்கின்றார். அக்கொடி நின்ற இடத்தே மீனும் இறைச்சியும் அரிந்து பொரிக்கும் ஓசை முற்றத்தில் எழுகின்றது. மணல் குவித்து மலர் சிதறியிருக்கின்றனர். பலியிட்ட வாயிலினுள் பலரும் புகுகின்றனர். விற்குமிடமே யாயினும் புலவர் இதனை மனை என்றே வழங்குதல் நோக்கத்தக்கது. கடைத்தெருவினை ஆவணம் என்று அதே பாட்டில் அவர் கூறுதலின், சொல் கிடையாமையால் மனை என்றார் எனல் பொருந்தாது. உண்டியும் வழிபாடும் அயலார் கூட்டமும் ஒருங்கே அமைந்த இல்லமாகவே அஃது அவர்க்குத் தோன்றிற்று எனக் கொள்கின்றோம்.

இவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் கடற்கரைப் பட்டினத்தில் கள் அடும் மகளிர் வருகின்றனர். அவர் கலங்கழுவி ஊற்றிய நீர் வழிந்து குழம்பிய சேற்றிலே பன்றிகள் புரளுகின்றன. அப்பாட்டின் வலைஞர் குடியிருப்பிலோ மரத்துக் கள் இல்லை. அரிசிக் கள் உண்டு. அரிசியைக் களியாகத் துழாவி, ஆற்றி, முளை நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலாற் பிழிந்தெடுக்கும் முறையினைப் புலவர் படிப்படியாகக் கூறுகின்றார். ஓர் ஆற்றுப்படை நூலில் இத்துணைச் செய்முறை நுட்பம் கிடைத்தது நமக்கு நல்லூழே.

வட ஆர்க்காட்டு வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இனி வரும் சிறுபாணாற்றுப்படையே இடர் விளைப்பது. எயிற்பட்டினத்துப் பரதவர் பழைய தேறலையும் சுட்ட குழல் மீனையும் பாணர்க்குத் தருவர் என்று கூறும் நத்தத்தனார், அடுத்து வேலூரையும் ஆமூரையும் வழியில் வைக்கின்றார். பாலாற்றங்கரையில் வேலூரும் ஆம்பூரும் ஒரே நெடுஞ்சாலையில் இருத்தலைக் காண்பார், தோல் பதனிடும் இற்றை நகரங்களைச் சங்கப் பாட்டு அறிந்திருந்தது என மகிழக்கூடும். அம்மகிழ்ச்சி நிலைபெறாது. எயிற்பட்டினம் மரக்காணம் என்பர்; பாணன் செல்லுமிடமாகிய கிடங்கில் திண்டிவனத்தை அடுத்தது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நாள் நடையே உண்டு. அத்துணைச் சிறு வழியினன் மேற்கே நெடுந்தொலைவு சென்று பாலாற்றைக் கண்டு மீண்டான் என்பது பொருந்துமோ? மேலும், நிருபதுங்க பல்லவன் காலத்து ஆம்பூர் நடுகற்கள் அவ்வூரை ஆமையூர் என்கின்றன, ஆமூர் என்னவில்லை. ஆகலின் நல்லியக்கோடனது ஓய்மானாட்டு ஊர்களையே புலவர் குறித்தார் எனத் துணிதல் வேண்டும். அன்றியும், அவ்வேலூரில் எயிற்றியர் தருவது புளிச்சோறும் ஆமான் சூடும். ஆமூரில் உழவர் இல்லில் கிடைப்பது வெண்சோறும் நண்டும். தேறல் கடற்கரையோடு நின்றுவிட்டது.

பாலாற்றுப் பகுதியின் கள் வரலாற்றை, எனவே, வேறிடத்தே தேடல் வேண்டும். அரசின் ஆயத்தீர்வைச் சட்டமே அதற்கு வாயில். 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின்கீழ், கள் இறக்கும் மரத்திற்கு வரியும், விற்கும் கடைக்கு ஏலத்தொகையும் செலுத்துதல் வேண்டியதாயிற்று. கள் சில மணி நேரத்திலே புளித்து முற்றும் இயல்பினது. நெடுந்தொலைவு கொண்டு செல்லுதற்கு ஏலாதது. மரத்தின் அயலிலே குடிக்கும் இடமும் இருத்தல் இயல்பாக அமைந்த ஒழுங்கு. அவ்வொழுங்கினை ஏலம் தன்வயப்படுத்திற்று. உரிமம் பெற்ற இடமே கடையாயிற்று. முற்றமும் பலியும் சட்டத்திற்கு வேண்டுவன அல்ல. பலர் புகும் மனை ஏலம் எடுத்தவர் கடையாகிய நிகழ்ச்சியை இங்கேதான் காண்கின்றோம்.

இதே நூற்றாண்டில் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பெருகிற்று. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஆற்றுநீரும் அதற்கு உறுப்புகள். தொழிற்கூடங்களின் உரிமையாளருள் பலர் மது விலக்கப்பட்ட இசுலாமியச் சமயத்தினர். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை வாரி எடுத்தவருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குடியினர். நாள் முழுதும் நாற்றத்தில் நின்றவர் மாலையில் எங்கே கூடினர் என்னும் வினாவை மதுவிலக்கு பற்றி எழுதுவார் கேளாதே சென்றுவிடுதல் குறையாகும். குடி அவர் கூலியைத் தின்றதும், இல்லத்து மகளிர் அதனால் துன்புற்றதும் உண்மையே. அதனை மறைக்க முயலேம். ஆயின் கூடுமிடத்தின் வரலாறும் வரலாறே.

மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கிற்று. 1939 அக்டோபரில் வட ஆர்க்காட்டிற்கும் வந்தது. போர்க்காலத்தே தளர்ந்து, 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் நெகிழ்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் இறுக்கப்பட்டது. 1981இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987இன் தொடக்கத்தில் மூடப்பட்டன. 1983இல் அமைந்த தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003இன் இறுதியிலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்தி வருகின்றது. அங்கே விற்பது புட்டியில் அடைத்த மது, கள் அன்று.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019இல் மும்மாவட்டமாகப் பிரிந்த இந்நிலத்தில் மரம் ஏறுவார் இன்றும் உளர். தோற்கூடத்தில் மயிர் களையும் அதே சுண்ணாம்பைக் கலயத்தின் உட்புறத்தே பூசிப் பாளையின் கீழ்க் கட்டுகின்றனர். ஊறல் புளியாமல் பதநீராய் இறங்குகின்றது.